ஓப்பன் சோர்ஸ்தானே என்று எடுத்துப் போடுவதற்கு முன்: உரிம விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசு கேட்காத மென்பொருள் எல்லாம் ஓப்பன் சோர்ஸ், காசு கேட்பதெல்லாம் க்ளோஸ்டு சோர்ஸ் என்ற கணக்கு பலர் மனதில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. குரோம் உலாவியை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஆனாலும் அது மூடிய மென்பொருள்தான். அதற்கு அடிப்படையாக இருக்கும் குரோமியம்தான் திறமூலம், அதாவது ஓப்பன் சோர்ஸ். இன்னொரு பக்கம், ரெட் ஹாட் நிறுவனம் திறமூல லினக்ஸை வைத்தே சந்தா வசூலித்துப் பெரிய வியாபாரம் நடத்துகிறது. அதில் தப்பொன்றும் இல்லை. லினக்ஸின் கருப்பகுதி வெளியாகும் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்திலேயே விலை வைத்துக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. பார்க்க வேண்டியது விலைச்சீட்டை அல்ல, கூடவே வரும் உரிமத்தை. அது எதை அனுமதிக்கிறது, பதிலுக்கு என்ன கேட்கிறது? இந்த இரண்டையும் கேட்காமல் விட்டால்தான் மற்ற தவறுகள் எல்லாம் வரிசையாக வருகின்றன.

நிரல் கண்ணுக்குத் தெரிகிறதே, அப்புறம் எடுத்துக்கொள்ள என்ன தடை என்று நினைப்பது அடுத்த தவறு. நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப்பில் உரிமக் கோப்பே இல்லாத களஞ்சியங்கள் (நிரல் தொகுப்புகள்) ஏராளம். உரிமம் எதுவும் எழுதவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. பதிப்புரிமைச் சட்டப்படி முழு உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது என்றுதான் அர்த்தம். கிட்ஹப்பின் விதிகள் உங்களுக்குத் தருவது, பொதுவில் இருப்பதைப் பார்ப்பதற்கும் அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் செய்வதற்குமான (தனிப் பிரதி எடுப்பதற்குமான) அனுமதி மட்டுமே. எழுதியவரிடம் 'ஒரு உரிமத்தைச் சேர்க்க முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது மறந்துபோன விஷயமாகத்தான் இருக்கும்.

உரிமம் இருந்தும் திறமூலமாக இல்லாத வகை ஒன்று இருக்கிறது. அதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். 1998இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ், திறமூலத்துக்குப் பத்து நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. யார் பயன்படுத்துகிறார்கள், எந்தத் துறையில் பயன்படுத்துகிறார்கள் என்று பாகுபாடு பார்க்கக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. ஆகவே 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற ஒரு வரி போதும், அது திறமூலம் இல்லை என்று சொல்லிவிடலாம். மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 2018இல் எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்துக்கு மாறியது. சர்வர் கட்டமைப்பை நிரலாக எழுதி நிர்வகிக்க உதவும் டெராஃபார்மை உருவாக்கிய ஹாஷிகார்ப் 2023இல் பிஎஸ்எல் உரிமத்துக்குத் தாவியது. இரண்டிலும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் நிறுவனத்துக்குப் போட்டியாகச் சேவை நடத்தப் போனால் கதை வேறு. எஸ்எஸ்பிஎல், உங்கள் சேவையை இயக்கும் மென்பொருள் அத்தனையின் மூலத்தையும் வெளியிடச் சொல்கிறது. ஹாஷிகார்ப்பின் பிஎஸ்எல், போட்டிச் சேவையையே அனுமதிப்பதில்லை. இப்படி மாறும்போது பழைய பதிப்பு பழைய உரிமத்திலேயே நிற்கும் என்பதைக் கவனியுங்கள். டெராஃபார்மின் பழைய பதிப்பிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற திறமூலக் கருவி கிளைத்தது அப்படித்தான். சில வருஷம் முன்பு படித்த உரிமத்தை நம்பிப் புதிய பதிப்புக்குத் தாவுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளிலும் இதே குழப்பம் உண்டு. மெட்டாவின் லாமா மாதிரியை ஓப்பன் சோர்ஸ் என்று பேசுகிறார்கள். லாமா 2, லாமா 3 உரிமங்களின்படி, வெளியீட்டின்போதே மாதம் 70 கோடிப் பயனர்களைத் தாண்டியிருந்த நிறுவனங்கள் மெட்டாவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். நமக்கு அந்தக் கவலை வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே பெயரில் இரண்டு உரிமங்கள் ஒளிந்திருப்பதும் உண்டு. ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை மென்பொருள் ஜிபிஎல். அதே பதிவிறக்கப் பக்கத்தில், பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் பேக் என்று ஒரு கோப்பு இருக்கும். அது தனி உரிமம்; சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசம், நிறுவனத்துக்குள் வழக்கமான வேலைக்குப் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும். அலுவலகக் கணினியில் யாரோ ஒருவர் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார், யாருக்கும் தெரியாது. நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோடும் இப்படித்தான்: மூல நிரல் எம்ஐடி என்ற எளிய திறமூல உரிமத்தில் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கும் தயார் நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் சொந்த உரிமம். அந்த நிரல் முழுக்கத் திறந்த உரிமத்தில் வேண்டும் என்பவர்களுக்காகவே விஎஸ்கோடியம் இருக்கிறது.

எம்ஐடி உரிமம் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது முக்கால் உண்மை. மூன்று பத்தி உரிமம் அது. நடுப்பத்தி ஒன்றே ஒன்றைக் கேட்கிறது: பதிப்புரிமை வரியையும் அனுமதி வாசகத்தையும் எல்லாப் பிரதிகளிலும் வைத்திருங்கள். நிரலைக் கட்டித் தயார் செய்யும்போது கோப்புகளைச் சுருக்கும் கருவிகள் அந்த வரிகளையும் சேர்த்து வெட்டிவிடும். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. கைபேசிச் செயலிகளின் அமைப்புகளில் 'திறமூல உரிமங்கள்' என்று யாரும் படிக்காத நீண்ட பக்கம் ஒன்று இருப்பது இதற்காகத்தான். பெயரை எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் மாதிரி ரயில்களை இயக்கும் திறமூல மென்பொருளின் கோப்புகளை, எழுதியவர் பெயரையும் பதிப்புரிமைக் குறிப்பையும் விட்டுவிட்டு ஒரு நிறுவனம் பயன்படுத்தியது. உரிம நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பொம்மை ரயிலில் தொடங்கிய வழக்கு, திறமூல உரிமங்களுக்கே சட்ட பலம் தந்தது.

ஜிபிஎல் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். ஒரு சாரார் அதைத் தொட்டாலே நம் நிரல் முழுவதும் வெளியே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை. ஜிபிஎல் நிரலை உங்களுக்குள்ளேயே மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் மூலத்தைக் காட்டத் தேவையில்லை. ஜிபிஎல்லில் வரும் ஜிசிசி என்ற கருவியால் கம்பைல் செய்தீர்கள் (இயங்கும் வடிவுக்கு மாற்றினீர்கள்) என்பதற்காக உங்கள் நிரல் ஜிபிஎல் ஆகிவிடுவதும் இல்லை. ஜிபிஎல் பகுதியை உங்கள் நிரலோடு இணைத்து அதை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போதுதான் கடமை தொடங்குகிறது: பெறுபவருக்கு மூலமும் (சோர்ஸ் கோடும்) கிடைக்க வேண்டும்.

இன்னொரு சாரார் அந்தக் 'கொடுப்பதை'க் கவனிப்பதே இல்லை. வன்பொருளுக்குள் மென்பொருளை வைத்து விற்பதும் கொடுப்பதுதான். சிஸ்கோ அப்போது விற்ற லிங்க்சிஸ் ரௌட்டர்களில் ஜிபிஎல் நிபந்தனைகள் மீறப்பட்டதாக, ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோ மேல் வழக்குப் போட்டது. 2009இல் சமரசம் ஆனது. அதற்கும் முன்பே வெளியான லிங்க்சிஸ் மூலத்திலிருந்துதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, ரௌட்டர்களுக்கான திறமூல இயங்குதளம் பிறந்தது. கொடுத்தால்தான் கடமை என்பதற்கு ஒரு விதிவிலக்கு, 2007இல் வந்த ஏஜிபிஎல் 3 என்ற உரிமம். அதன்படி, நீங்கள் மாற்றிய நிரலை வலைச்சேவையாக ஓட்டினாலே போதும், அதைப் பயன்படுத்துவோருக்கு மூலத்தைத் தர வேண்டும். 'சர்வரில்தானே ஓடுகிறது' என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

மூடிய மென்பொருளில் நடக்கும் தவறு எளிமையானது: பணம் கட்டினால் சொந்தமாகிவிட்டது என்று நினைப்பது. வாங்குவது பயன்படுத்தும் அனுமதியைத்தான். எத்தனை கணினி, எத்தனை பேர், மெய்நிகர் கணினியில் ஓட்டலாமா, கணினியோடு வந்த உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் வரி உண்டு. பெரிய நிறுவன ஒப்பந்தங்களில், விற்றவர் வந்து கணக்கெடுக்கலாம் என்ற பிரிவும் இருக்கும். மாணவர் பதிப்பில் வாடிக்கையாளர் வேலை செய்கிறவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, திறந்திருப்பதே பாதுகாப்பு, மூடியிருப்பதே பாதுகாப்பு என்ற இரண்டு தரப்பு முழக்கங்களையும் நம்ப வேண்டாம். 2024இல் எக்ஸ்இசட் என்ற திறமூலக் கோப்புச் சுருக்கக் கருவியில் வைக்கப்பட்ட பின்கதவைத் (ரகசிய நுழைவழியைத்) தூண்டிவிடும் பகுதி, எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்திலேயே இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. எல்லோரும் பார்க்கலாம் என்று இருந்ததால் மட்டும் அது சிக்கவில்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஒரு பொறியாளர் கவனித்துத் தோண்டியதால் சிக்கியது. தோண்டுவதற்கு மூலம் கையில் இருந்தது என்பதும் உண்மை.

கடைசியாக, சொந்த நிரலை வெளியிடுகிறவர்களுக்கு. உங்களுக்கென்று ஒரு உரிமம் எழுத வேண்டாம். ஏற்கெனவே இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காப்புரிமைச் (பேட்டன்ட்) சிக்கல் வரக்கூடிய துறை என்றால் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் அப்பாச்சி 2.0 உரிமம் பொருத்தமானது. முடிவை முதல் நாளே எடுத்துவிடுங்கள். தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால், மற்றவர்கள் எழுதிச் சேர்த்த வரிகளின் உரிமை அவரவரிடமே இருக்கும். வீடியோ ஓட்டும் விஎல்சியின் மையப் பகுதியை ஜிபிஎல்லிலிருந்து கெடுபிடி குறைந்த எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற நினைத்தபோது, நூற்றுக்கணக்கான பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது.