இதயத் துடிப்புக் கோளாறு: அடிக்கடி நிகழும் தவறுகள்

கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் என் பெரியப்பாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பது, 71ஆம் வயதில் நீரிழிவுப் பரிசோதனைக்காக அரசாங்க கிளினிக்குக்குச் சென்றபோதுதான் தெரியவந்தது. நாடி பிடித்த தாதி சற்று யோசித்து, மறுபடியும் பிடித்துப் பார்த்துவிட்டு, ஈசிஜி எடுக்க அனுப்பினார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொன்ன மருத்துவர், துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரையும், இரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். நான்கு மாதங்கள் ஒழுங்காகச் சாப்பிட்ட பெரியப்பா, ஒரு நாள்கூடப் படபடப்பு வரவில்லையே, வராத நோய்க்கு எதற்கு மருந்து என்று தாமே முடிவு செய்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டிருந்தபோது அவருடைய வலக்கையிலிருந்த கோப்பிக் குவளை மெல்லச் சரிந்து, கோப்பி முழுவதும் தோசைத் தட்டில் கொட்டியது. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பெரியம்மா கூப்பிட்டதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தார்; சொல் குழறியது.

இந்த நோயில் நிகழும் தவறுகளில் பெரும்பாலானவை, உடம்பு என்ன உணர்கிறது என்பதை வைத்து நோயை அளப்பதிலிருந்தே பிறக்கின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேலான தாறுமாறான மின்துடிப்புகளால் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை நெஞ்சில் பறவை அடித்துக்கொள்வதைப் போல உணர்வோரும் உண்டு. ஒன்றுமே உணராமல் ஆண்டுக்கணக்கில் நடமாடுவோரும் உண்டு. ஆனால் இடது மேலறையின் ஓரத்தில், காது மடல்போல் ஒட்டியிருக்கும் சிறு பையில் இரத்தம் தேங்கி உறைவது இருவருக்கும் பொதுவானது. அங்கிருந்து பெயரும் உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பதை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் நடந்த நெடுங்கால ஆய்வு காட்டியது. ஆகவேதான், உறைவுத் தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கும்போது, எத்தனை முறை படபடத்தது என்று கணக்கெடுப்பதில்லை. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றையே கணக்கெடுக்கிறார்.

2002இல் வெளியான அஃபர்ம் ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 4,060 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் துடிப்பைச் சீரான தாளத்துக்குத் திருப்பவும், மறு பிரிவினருக்கு வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தவும் சிகிச்சை தரப்பட்டது. தாளம் திரும்பியவர்கள் பக்கவாதத்திலிருந்து தப்புவார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு: இரு பிரிவிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர், வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்தியிருந்தவர்கள் அல்லது போதிய அளவில் அதைச் சாப்பிடாதவர்கள். பெரியப்பாவின் தர்க்கம் அவருக்கு மட்டும் தோன்றியதன்று.

அடுத்த தவறு ஆஸ்பிரினை மாற்றாகக் கருதுவது. நம் வீடுகளில் கார்டிப்ரின் என்ற ஆஸ்பிரின் மாத்திரை அட்டை இல்லாத மருந்துப் பெட்டி குறைவு. வார்ஃபரின் என்றால் அச்சம், இதுவோ சாதுவானது என்பது பொதுவான எண்ணம். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 973 பேரிடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடத்தப்பட்டு 2007இல் வெளியான பாஃப்டா ஆய்வில், ஆண்டுக்குப் பக்கவாதம் முதலிய பாதிப்புகள் வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் 1.8 விழுக்காடாகவும், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 3.8 விழுக்காடாகவும் இருந்தன. பெரிய இரத்தக் கசிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, வயதானவர் என்பதற்காக ஆஸ்பிரினுக்கு மாற்றும்போது காப்பு குறைகிறதே தவிர, கசிவு குறைவதில்லை.

மருந்தைச் சாப்பிடுகிறோம் என்று நம்பிக்கொண்டே சரியாகச் சாப்பிடாமல் இருப்பது இன்னும் நுட்பமான தவறு. தைப்பூசத்துக்கு முந்தைய விரத நாட்களில் இதை ஆண்டுதோறும் காண்கிறேன். ஒருவேளை உணவு என்றானவுடன் காலை மாத்திரைகள் தாமாகவே விடுபட்டுப்போகின்றன, அல்லது வெறும் வயிற்றில் விழுங்கப்படுகின்றன. உறைவுத் தடுப்பு மருந்தான ரிவரொக்சபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் உடம்பு முழுமையாக உறிஞ்சும். விரதம் இருப்பவர் மருத்துவரிடம் கேட்டு, அந்த ஒருவேளை உணவின் நேரத்துக்கே அதை மாற்றிக்கொள்ளலாம். அதே வகை மருந்தான அபிக்சபானை நாளுக்கு இரு வேளை சாப்பிட வேண்டும். ஒரு வேளையைத் தவறவிட்டால் காப்பு விரைவிலேயே தேய்ந்துவிடும். காவடி எடுத்து, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல், பத்துமலையின் 272 படிகளை வெயிலில் ஏறுகிற அன்றைக்கே இரத்தம் காப்பின்றி இருப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை விளக்கத் தேவையில்லை. டாபிகாட்ரான் என்ற இன்னொரு உறைவுத் தடுப்பு மருந்தைச் சாப்பிடுபவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேப்ஸ்யூல் ஈரத்தைத் தாங்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் பிரித்து, வார மாத்திரைப் பெட்டியில் போட்டுவைப்பது வீண். விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்று அதைத் திறந்து தூளைக் கஞ்சியில் கலப்பது ஆபத்து, ஏனெனில் இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு மிகுதியாக உயர்ந்துவிடும்.

வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் கீரையே ஆகாது என்ற நம்பிக்கை கோலாலம்பூரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கங்கோங், முருங்கைக் கீரை போன்றவற்றில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைத் தடுப்பது உண்மைதான். என்றாலும், கேடு விளைவிப்பது கீரையன்று, அளவின் ஏற்ற இறக்கமே. வாரம் இரண்டு முறை கீரை சாப்பிடுபவர் அப்படியே சாப்பிட்டுவந்தால், அதற்கேற்ப மருந்தின் அளவை நிர்ணயித்துக்கொள்ளலாம். மூன்று மாதங்கள் கீரையைத் தொடாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் நாள்தோறும் சாப்பிட்டால்தான் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு தடம்புரளும். கீரைக்கு இவ்வளவு அஞ்சுகிறவர்களே மூட்டு வலிக்கு மெஃபனமிக் அமிலத்தையும் டைக்ளோஃபெனாக்கையும் தயங்காமல் விழுங்குவதுதான் எனக்கு வியப்பு. வயிற்றுக்குள் இரத்தம் கசிவதற்கு வார்ஃபரினோடு இந்த வலி மாத்திரைகள் சேரும் கூட்டைவிட எளிய வழி இல்லை. அதேபோல், பல் பிடுங்குவதற்காக ஒரு வாரம் முன்பே தாமாக மருந்தை நிறுத்துகிறார்கள். ஐஎன்ஆர் சரியான எல்லைக்குள் இருந்தால் வார்ஃபரினை நிறுத்தாமலேயே பெரும்பாலும் பல்லைப் பிடுங்கிவிட முடியும் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டாலே சொல்வார்.

அக்காவுக்குக் கொடுத்த மாத்திரை தங்கைக்கும் படபடப்பை நிறுத்தும் என்று பகிர்ந்துகொள்வோருக்கு காஸ்ட் ஆய்வின் கதை தெரிந்திருக்க வேண்டும். மாரடைப்புக்குப் பின் தோன்றும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று 1980களில் இதய மருத்துவர்களே நம்பினார்கள். என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற இரு மருந்துகளும் அந்தத் துடிப்புகளைச் செவ்வனே அடக்கின. ஆனால் 1991இல் வெளியான முடிவில், அவற்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். ஃபிளெகெய்னைடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது; இதயத் தசையில் பழுதில்லாதவருக்கு அது நல்ல மருந்து, மாரடைப்பு வந்தவருக்கு அது ஆகாது. வெளியிலிருந்து பார்த்தால் இருவருடைய படபடப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சிகிச்சையை ஒத்திப்போடுவதும் ஒரு தவறே. 1998இல் பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த இதய மருத்துவர் மிஷேல் ஹைசாகேரும் அவருடைய குழுவினரும் 45 நோயாளிகளின் இதயங்களுக்குள் மின்முனைகளைச் செலுத்தி, நடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தேடினார்கள். கண்டறிந்த 69 இடங்களில் 65 இடங்கள், நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. மேலறையில் பற்றி எரியும் நோயின் திரி, மேலறைக்கு வெளியே இருந்தது. தொடைச் சிரை வழியாக வடிகுழாயைச் செலுத்தி, அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சூட்டினாலோ குளிராலோ தழும்பிட்டு மின்தொடர்பைத் துண்டிக்கும் அப்லேஷன் சிகிச்சை இந்தக் கண்டுபிடிப்பின் மீதுதான் நிற்கிறது; ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகத்திலும் இது செய்யப்படுகிறது. நோய் கண்ட ஓராண்டுக்குள் தாளத்தைச் சீராக்கும் சிகிச்சையைத் தொடங்குவது பயன் தரும் என்பதை 2020இல் வெளியான ஈஸ்ட் ஆய்வு காட்டியது. எல்லா மருந்தும் தோற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பத்தாண்டு காத்திருந்தால், மேலறை விரிந்து, தழும்பேறி, சிகிச்சைக்கு வசப்படாமல் போகும். அப்லேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் படபடப்பு தலைகாட்டினால் சிகிச்சை தோற்றுவிட்டதாகப் பொருள் இல்லை, புண் ஆறும் காலம் அது. மாறாக, படபடப்பு போய்விட்டது என்பதற்காக உறைவுத் தடுப்பு மருந்தை அன்றே நிறுத்துவதும் கூடாது. குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கு எல்லோருக்கும் அது தொடரும், அதன் பிறகு என்ன என்பது பழைய அபாயக் கணக்கையே சார்ந்தது.

கோப்பியைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன்: அளவான கோப்பி பெரும்பாலோருக்கு இந்நோயைத் தூண்டுவதில்லை. மது தூண்டும். வாரத்துக்குப் பத்துக் கிளாஸ் அல்லது அதற்கு மேல் குடித்துவந்த 140 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், குடியைத் தொடர்ந்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் 53 விழுக்காட்டினருக்கு.

பெரியப்பாவின் கதையில் இன்னொரு தவறும் இருந்தது, அது எங்களுடையது. கை மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்துத் தைலம் தேய்த்து, படுக்க வைத்து, 999ஐ அழைப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் கடந்திருந்தது. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதுவும், உறைவுத் தடுப்பு மருந்து இரத்தத்தில் வேலை செய்துகொண்டிருக்கவில்லை என்பது உறுதியானால்தான் போடலாம். அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, அந்த மாத்திரையை இவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதுதான். பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். பதில் தெரிந்த ஒரே ஆள் வாய் பேச முடியாமல் கட்டிலில் கிடந்தார்.