யூனிட் டிரஸ்டை விற்பதா, வைத்திருப்பதா? தோட்டத்துக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

பங்குச் சந்தை இறங்கிய செய்தி வந்தாலே மலேசியாவின் சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடையில் யாராவது கேட்பார்கள்: "தம்பி, யூனிட் டிரஸ்டை எடுத்துப் பேங்கில் போட்டுவிடலாமா?" பலரின் பணத்தைச் சேர்த்துப் பெரும்பாலும் பங்குகளில் போடும் நிதிதான் யூனிட் டிரஸ்ட். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, அந்தப் பணம் எப்போது வேண்டும்?" சந்தையின் போக்கு எனக்கும் தெரியாது, விற்க வரும் முகவருக்கும் தெரியாது. நம் செலவின் தேதி நமக்குத் தெரியும். அதை வைத்தே கணக்குப் போடலாம்.

படி 1: செலவுகளை ஆண்டோடு எழுதுங்கள்

வரும் ஐந்து ஆண்டுகளுக்குள் வரும் பெரிய செலவுகள் மட்டும் போதும்: கல்லூரிக் கட்டணம், கல்யாணம், கூரை மாற்றுவது. தோட்டத்தில் வேலை செய்பவர்கள் பலர் எழுத மறக்கும் செலவு ஒன்று உண்டு: சொந்த வீடு. நிர்வாகம் கொடுத்த வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வுக்கு நான்கு ஆண்டு இருப்பவரின் வீட்டு முன்பணம் பங்குச் சந்தையில் கிடக்கக் கூடாது.

படி 2: அவசரப் பணம்

மாதச் சம்பளக்காரருக்கு மூன்று மாதச் செலவு போதும் என்பார்கள். பால்மரம் வெட்டுபவருக்குப் போதாது. பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. செம்பனையில் காய் குறைந்த மாதங்களில் கைக்கு வருவதும் குறையும். ஆறு மாதம் என்று வையுங்கள்.

படி 3: கூட்டிக் கழியுங்கள்

மாதச் செலவு 2,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் ஆறு மாதத்துக்கு 12,000. அடுத்த ஆண்டு மகளின் படிப்புக்கு 8,000. ஆக 20,000 தேவை. கையில் சேமிப்புக் கணக்கு 5,000, நிரந்தர வைப்பு 4,000, அமானா சஹாம் மலேசியா (அரசு சார்ந்த முதலீட்டுத் திட்டம்) 6,000, யூனிட் டிரஸ்ட் 12,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றும் 15,000. குறைவது 5,000. யூனிட் டிரஸ்டில் அவ்வளவை மட்டும் விற்றால் போதும், மிச்சம் 7,000 அப்படியே இருக்கட்டும். முழுவதையும் விற்றுவிட்டுப் பிறகு திரும்ப வாங்கினால் விற்பனைக் கட்டணத்தை மறுபடி அழ வேண்டிவரும்.

அமானா சஹாமை ரொக்கமாகவே எண்ணலாம். ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளிதான். ஆனால் தேவை வரும் நாளுக்கு முன் எடுத்துவிடாதீர்கள். பூமிபுத்ரா அல்லாத நம்மவர்களுக்கான ஒதுக்கீடு பல நேரம் தீர்ந்து கிடக்கும். வெளியே வந்தால் திரும்ப நுழைவது பெரும்பாடு. நிரந்தர வைப்பைத் தவணைக்கு முன் உடைத்தால் வட்டி போய்விடும் என்பதால், ஒரே வைப்பாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.

மார்ச் 2020இல் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,219 புள்ளி வரை விழுந்தது; அந்த ஆண்டு முடிவில் 1,627. ஒவ்வொரு முறையும் இவ்வளவு விரைவில் மீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அடுத்த ஆண்டுச் செலவை அங்கே விடக் கூடாது, பத்தாண்டுப் பணத்தைப் பதறி எடுக்கவும் கூடாது.

படி 4: சேமநிதியில் கடைசியாகக் கை வையுங்கள்

மே 2024 முதல் ஊழியர் சேமநிதியில் புதிதாகச் சேரும் சந்தா மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்கு, 15 வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் நெகிழ்வுக் கணக்குக்கு. எடுக்க முடிகிறது என்பதற்காக எடுக்காதீர்கள். 2023இல் லாப ஈவு 5.5 விழுக்காடு, 2024இல் 6.3. பத்தாயிரம் வெள்ளி ஆண்டுக்கு 5.5 விழுக்காட்டில் பத்தாண்டில் ஏறக்குறைய 17,080 ஆகும், 2.5 விழுக்காட்டு வைப்பில் 12,800தான். 55 வயதில் மொத்தத்தையும் வழித்தெடுத்துச் சேமிப்புக் கணக்கில் போடும் பழக்கம்தான் எனக்குப் பொறுக்காதது. எடுக்காமல் விட்டாலும் ஈவு வந்துகொண்டுதான் இருக்கும்.

படி 5: ரொக்கம் எங்கே இருக்க வேண்டும்

வங்கியில். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 வெள்ளி வரை காக்கும்; யூனிட் டிரஸ்டுக்கு அது கிடையாது. கூட்டுப் பணத்தை, அதாவது ஊரில் மாதாமாதம் கட்டும் சீட்டுப் பணத்தை, இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. கூட்டு நடத்துபவர் ஊரை விட்டுப் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

ஆண்டுதோறும் சேமநிதி ஈவு அறிவிப்பு வரும்போது தாளை எடுத்து, முடிந்த செலவை அடித்துவிட்டு, புதிய ஐந்தாம் ஆண்டைச் சேர்த்து மறுபடி கூட்டிப் பாருங்கள்.