காலைப் பார்த்துச் செய்யும் பணிவிடை: இதயச் செயலிழப்பும் இரத்தக்குழாய் நோயும் உள்ளவர்களுக்கு

இதயம் இரத்தத்தைப் போதிய அளவு வெளித்தள்ள இயலாதபோதும், இரத்தக்குழாய்கள் பழுதுபடும்போதும், அதன் அடையாளம் பெரும்பாலும் கால்களில் தெரிகிறது. ஆனால் ஒரு நோய்க்கு நன்மை தரும் பணிவிடை மற்றொன்றுக்குத் தீங்காக முடியலாம். ஆகவே வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் நாள்தோறும் அவருடைய கால்களைக் கவனித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இதயச் செயலிழப்பு உள்ளவரைக் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவியில் நிறுத்தி எடையைக் குறித்துவைக்க வேண்டும். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, 3 நாட்களுக்குள் 2 கிலோவோ கூடினால், அது சதையன்று, உடலில் தேங்கிய நீர். அன்றைக்கே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அடுத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே முன்னெலும்பின் மீது கட்டை விரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால், குழி விழுகிறதா, அது முந்தைய நாளைவிட மேலேறியிருக்கிறதா என்று தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நீர் இடுப்பின் பின்புறம் தேங்கும் என்பதால் அங்கேயும் பார்க்க வேண்டும்.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்றுதான் சொல்வார்கள். அதனால் இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாரா, திண்ணையிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் நின்று மூச்சு வாங்கினாரா என்று தனித்தனியாகக் கேட்பதே சரி. ஒரு தலையணையில் உறங்கியவருக்கு மூன்று தேவைப்படுவது, எடை கூடுவதற்கு இணையான எச்சரிக்கை.

உப்பைப் பொறுத்தவரை, மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை, நாளொன்றுக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்த வேண்டும். குழம்பில் குறைத்துவிட்டு மோர் மிளகாய், ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரி மிக்சர் ஆகியவற்றை விட்டுவைப்பதால் பயனில்லை. அரிசிம்பருப்புச் சாதத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் கூடுதலாகச் சேர்த்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. இந்துப்பும் உப்புதான். நீரின் அளவை மருத்துவர் கட்டுப்படுத்தியிருந்தால், அந்த அளவைக் காலையில் பாட்டிலில் நிரப்பிவைத்து, தேநீரோ மோரோ ரசமோ கம்பங்கூழோ கொடுக்கும்போதெல்லாம் அதே அளவை பாட்டிலிலிருந்து கொட்டிவிட்டால் கணக்குத் தவறாது.

பொள்ளாச்சிப் பக்கம் நோயாளியைப் பார்க்க வருபவர்கள் அன்போடு இளநீர்க் குலையைக் கொண்டுவருவதுண்டு. அதில் பொட்டாசியம் மிகுதி. ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவருக்கு அது இரத்தத்தில் கூடினால் இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். சோடியம் குறைத்த உப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் கொடுக்கக் கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் கெடுப்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையின் இரண்டாம் வேளையைப் பிற்பகலுக்குள் முடித்தால், இரவில் அடிக்கடி எழுந்து தடுமாறி விழுவதைத் தடுக்கலாம்.

இனி இரத்தக்குழாய்கள். சோமனூர், பள்ளிபாளையம் விசைத்தறிகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் ஆண்டுக்கணக்கில் நின்று வேலை செய்தவர்கள் பலருக்குச் சிரைகள், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்கள், புடைத்து, பொழுதானால் கால் வீங்கி, உட்கணுக்கால் தோல் கறுத்திருக்கும். அவர்களுக்குக் காலை உயர்த்திவைப்பதும், எழுவதற்கு முன்பே அழுத்தக் காலுறை அணிவிப்பதும் நல்லவை. ஆனால் சற்று நடந்ததும் கெண்டைக்காலைக் கவ்விப் பிடித்து, நின்றால் விடும் வலியும், சில்லிட்ட பாதமும், ஆறாத விரல் புண்ணும் இருந்தால், அடைபட்டது தமனி, அதாவது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய். அங்கே இறுக்கமான காலுறை வருகிற கொஞ்சம் இரத்தத்தையும் தடுத்துவிடும். உயர்த்திவைத்தால் வலி கூடும். எனவே கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு மருத்துவர் பார்க்கும் முன் காலுறை வாங்கக் கூடாது. மூச்சுத்திணறும் இதய நோயாளிக்கும் காலை உயர்த்தலாகாது; காலில் தேங்கிய நீர் மேலேறி இதயத்தின் சுமையைக் கூட்டும்.

தமனி நோயுள்ள பாதத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றி ஒற்றி எடுக்க வேண்டும். காலாணியைப் பிளேடால் சீவுவதும், வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பதும் உணர்விழந்த பாதத்தில் பெரும் புண்ணை உண்டாக்கும். தோட்டத்திலும் செருப்பின்றி நடக்கவிடக் கூடாது. பீடியை அறவே நிறுத்த வேண்டும். நிறுத்தாதவரை மருந்து முழுப் பலன் தராது.

ஒரு கால் திடீரென வெளிறிச் சில்லிட்டு மரத்துப்போனால், 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைப்பதைப் பொறுத்தே அந்தக் கால் தப்பும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவினால் அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். இவற்றுக்கும், நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்தாலும் அடங்காத மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கும் 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சுத்திணறுபவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுவது நல்லது. தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் தார்ச்சாலையிலிருந்து தடம் பிரியும் இடத்தில் ஒருவரை நிறுத்திவைத்து, எடை குறித்த நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் வண்டியில் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.