அக்கரையில் கொல்லப்பட்ட பூட்டனைப் பழைய பத்திரிகைகளில் தேடுவது எப்படி?

"பினாங்குக்குப் போன எடத்துல குத்திப்புட்டாங்களாம்." கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் பக்கத்துச் சில வீடுகளில் இந்த ஒற்றை வரி மூன்று தலைமுறையாகக் கைமாறி வருகிறது. யார் குத்தினார்கள், வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் மலாயாவில் ஒரு தமிழர் கொலையுண்டால் அங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகைகளில் நாலு வரியாவது வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தப் பத்திரிகைகளில் பலவற்றை இன்று வீட்டிலிருந்தே, காசில்லாமல் படிக்கலாம்.

முதலிலேயே ஒன்று. பெயரைத் தட்டித் தேடாதீர்கள். பெரும்பாலோர் அங்கேதான் தொடங்கி, ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நாளையும் இடத்தையும் வைத்துத் தேடினால் பெயர் தானாகக் கிடைக்கும்.

1. நாளைப் பிடியுங்கள்

வீட்டில் திதி கொடுக்கிறார்களா, ஆண்டு ஃபாத்திஹா ஓதுகிறார்களா என்று கேளுங்கள். மாதமும் நாளும் அதில் இருக்கும், ஆண்டு மட்டும் இருக்காது. அதற்குத் தமிழ் வருஷப் பெயர், பழைய கடிதம், பத்திரம், பிள்ளைகளின் வயது என்று எதையாவது பிடித்து வாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். "ரக்தாட்சி வருஷம், தை மாசம், வளர்பிறை தசமி" என்று பெரியவர் ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். ரக்தாட்சி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1864-65, 1924-25, 1984-85. குடும்பக் கணக்குக்குப் பொருந்துவது நடுவில் உள்ளது. அந்தத் தை 1925 ஜனவரி நடுவில் பிறந்தது, தை அமாவாசை ஜனவரி 24. ஆக வளர்பிறை தசமி பிப்ரவரி 2, 3 வாக்கில் வரும். இதே நாளை இன்னொரு வீட்டில் "ஹிஜ்ரி 1343, ரஜப் பிறை 9" என்று சொல்வார்கள். கணக்கு அதே வாரத்தில்தான் வந்து நிற்கும். பிறை பார்த்த ஊரைப் பொறுத்து ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகும் என்பதால், ஹிஜ்ரி தேதியை மாற்றும் செயலி தருவதை ஒரே நாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, வீட்டில் கடைப்பிடிப்பது இறந்த நாளா, சேதி வந்த நாளா? தந்தி வராமல் கடிதத்தில் சேதி வந்திருந்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போயிருக்கும். அதனால் குறித்த நாளுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தேடத் தொடங்குங்கள். இரண்டு, தகப்பனை "வாப்பா" என்று அழைக்கும் வீடுகளில் "அப்பா" என்றால் தாத்தா. "எங்க அப்பாவைத்தான் வெட்டினாங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் எந்தத் தலைமுறை என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இங்கே பிசகினால் 25 ஆண்டு தள்ளித் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

2. எங்கே தேடுவது

மலாயா, சிங்கப்பூர், பினாங்கு என்றால் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம். வேறு எதற்கும் முன்னால் இதுதான். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், மலாயா டிரிப்யூன் எல்லாம் அதில் இருக்கின்றன. பினாங்கில் நடந்தது என்றால் பினாங்கிலேயே வெளிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோவுக்கு முதலிடம் கொடுங்கள். சிங்கப்பூர்ப் பத்திரிகை நாலு வரியில் முடிப்பதை உள்ளூர்ப் பத்திரிகை ஒரு பத்தி முழுக்க எழுதும். சில பக்கங்கள் மட்டும் நூலகக் கட்டடத்துக் கணினியில்தான் திறக்கும். அங்கே இருக்கும் உறவினர் யாரையாவது அனுப்புங்கள்.

தேடல் பெட்டியில் முதலில் தேதி வரம்பைப் போடுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு 1925 ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை. பிறகு சொல். "தமிழ்" என்பதற்கு மட்டும் நாலைந்து சொற்களை ஆங்கிலத்தில் மாற்றி மாற்றிப் போட வேண்டும்: டமில், மெட்ராஸி, சுலியா, இந்தியன், கூடவே கிளிங். அந்தக் கடைசிச் சொல் இன்று இழிசொல், பார்த்தாலே மனம் கசக்கும். ஆனாலும் அந்தக் காலப் பத்திரிகைகள் அதைத்தான் எழுதின, விட்டுவிட்டால் பழைய செய்திகளில் பாதி தப்பிவிடும். கூடவே மர்டர் (கொலை), ஸ்டாபிங் (கத்திக்குத்து), அஃப்ரே (கைகலப்பு), இன்க்வெஸ்ட் (பிரேத விசாரணை), அசைசஸ் (பெரிய நீதிமன்ற அமர்வு) ஆகியவற்றில் ஒன்று. தெருப் பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. சிங்கப்பூரின் சுலியா தெரு 1920-களின் தொடக்கம் வரை கிளிங் தெரு. பினாங்கிலும் ஒரு சுலியா தெரு உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-இல். அதற்கு முந்தைய செய்தியில் சொந்த ஊர் "மதுரா" என்றிருந்தால் நம் கரையாகவும் இருக்கலாம். 1910-க்குப் பிறகு "ராம்நாட்" என்றிருந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 1985-இல் பிரியும்வரை காரைக்குடியும் சிவகங்கையும் அதே மாவட்டம்தான்.

3. பெயரில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்

இறந்தவர் தன் பெயரைத் தானே சொல்லவில்லை. கூட இருந்தவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் கேட்டு, எழுத்தர் எழுதி, நிருபர் பார்த்து எழுதி, அச்சுக் கோர்ப்பவர் கோர்த்திருக்கிறார். அதனால் ஒரே வழக்கில் ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். முகம்மது என்பது மஹோமெட், மொஹமெட், மஹமத். சாகிபு என்பது சைபோ, சாய்பு, சாஹிப். மரைக்காயர் மரிக்கனாகவும் மெரிக்கனாகவும் மரிக்காராகவும் மாறியிருப்பார். தேவர் தேவன் ஆகியிருப்பார். தகப்பன் பெயர் ஆளின் பெயராகவே அச்சாகியிருக்கும்.

இதற்கு மேல் எந்திரம் படித்த பிழை. பழைய பக்கத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும்போது ஆங்கில "எம்" எழுத்து "ஆர்-என்" என்று இரண்டாகிவிடும், "ஹெச்" "பி" ஆகும், "இ" "சி" ஆகும். வரியின் கடைசியில் வெட்டுப்பட்டு அடுத்த வரிக்குப் போன பெயர் இரண்டு துண்டாகக் கிடக்கும். முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் இவற்றில் எதுவுமே சிக்காது. பெயரில் நடுவிலுள்ள, நாலெழுத்துக்குக் குறையாத ஒரு துண்டை மட்டும் போடுங்கள்.

வீட்டில் பழைய கடிதத் தலைப்போ ரசீதோ இருந்தால் கடையின் அடையாளமாகப் போட்ட முதலெழுத்துகளை, அதாவது விலாச எழுத்துகளைப் பாருங்கள். ஆளின் பெயர் எப்படிச் சிதைந்தாலும் மூன்றெழுத்து விலாசம் பல நேரம் அப்படியே அச்சாகியிருக்கும்.

அப்படியும் கிடைக்கவில்லையா? தேடலை விட்டுவிட்டு நாள்வாரியாகப் புரட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு மாதத்து இதழ்களை இரண்டு மூன்று மாலையில் பார்த்துவிடலாம். அந்தத் தளத்தின் இணைப்பு முகவரியிலேயே 19250204 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் இருக்கும். எந்த நாள் வரை பார்த்தீர்கள் என்பதை அதை வைத்தே குறித்துக்கொள்ளலாம்.

4. ஒரு செய்தி கிடைத்ததும் நிறுத்தாதீர்கள்

முதல் நாள் செய்தி பெரும்பாலும் பிழையோடு வரும். வயது, பெயர், சண்டைக்கான காரணம் எல்லாம் மாறும். அங்கிருந்து சங்கிலியைப் பிடித்துப் போக வேண்டும்: சம்பவம், பிரேத விசாரணை, மாஜிஸ்திரேட் முன் முதல் விசாரணை, அசைசஸ் என்னும் பெரிய நீதிமன்ற அமர்வு, தீர்ப்பு, தண்டனை. இதில் அசைசஸ் அறிக்கைதான் பொக்கிஷம். எந்த அறையில் யார் யார் படுத்திருந்தார்கள், எவ்வளவு பணம் கொடுக்கல் வாங்கல், யார் முதலில் ஓடிவந்தார்கள் என்று சாட்சிகள் ஒவ்வொருவராகச் சொல்லியிருப்பார்கள். அது மாதங்கள் கழித்து வரும் என்பதால் தேதி வரம்பை ஓராண்டுக்கு நீட்டுங்கள். இம்முறை இறந்தவர் பெயரை விட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் பெயரில் தேடுங்கள், ஏனென்றால் வழக்கு அவர் பெயரில்தான் நடக்கும்.

பிரிவு எண்ணைப் படிக்க நமக்குத் தனிப் பயிற்சி வேண்டாம். ஸ்ட்ரெய்ட்ஸ் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அங்கேயும் கொலைக்கு 302, கொலையாகாத மரணம் விளைவித்ததற்கு 304. "டிஸ்சார்ஜ்ட்" என்று இருந்தால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதாக மொழிபெயர்ப்புச் செயலி சொல்லும். நீதிமன்றச் செய்தியில் அது ஆளை விடுவித்தார்கள் என்று பொருள். "அக்விட்டட்" என்பது குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. இரண்டும் ஒன்றல்ல. சாட்சி "பெங்காலி ஜாகா" என்றிருந்தால் வங்காளி என்று எழுதிவிடாதீர்கள், மலாயாவில் அது பெரும்பாலும் சீக்கியக் காவலாளியைக் குறிக்கும்.

5. பதிந்து வைப்பது

வம்சாவளி மென்பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. சாதாரண விரிதாள் போதும். பத்திரிகை, தேதி, பக்கம், பெயர் அச்சான விதம், இடம், இணைப்பு என்று ஆறு பத்திகள். தேடிக் கிடைக்காததையும் எந்தச் சொல், எந்த வரம்பு என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அதையே மறுபடி தேடுவீர்கள். செய்தியை மட்டும் வெட்டிப் படமெடுக்காமல் பக்கத்தின் தலைப்பும் தேதியும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள்.

குடும்பக் குழுவில் போடுவதற்கு முன்

அங்கே ஒரே அறையில் தங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். அதனால் குற்றம் சாட்டப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் தெருவிலேயே இருக்கலாம். சம்பந்தம்கூடச் செய்திருக்கலாம். அவர் பெயரை வாட்ஸப்பில் போடாதீர்கள். விடுதலையானவர் என்றால் அதை எழுதாமல் வழக்கை மட்டும் எழுதுவது பெரிய அநியாயம். பிரேத விசாரணை அறிக்கையில் காயங்களின் விவரம் நுணுக்கமாக இருக்கும். வயதான மகளோ பேத்தியோ உயிரோடு இருந்தால் எவ்வளவு கேட்க விரும்புகிறார் என்று முதலில் கேட்டுவிட்டு வாசித்துக் காட்டுங்கள்.

பின்னால் சேர்த்தவை

சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசு 1935-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய சம்பவத்தை அதில் தேட வேண்டாம். பிந்தையது என்றாலும் தமிழ் எழுத்தைத் தட்டித் தேடுவதை நம்பாமல் நாள்வாரியாகப் புரட்டுங்கள். 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் வெளிவரவில்லை. அந்த இடைவெளியில் ஜப்பானியர் நடத்திய சியோனான் பத்திரிகையைப் பாருங்கள்.

இலங்கை என்றால் வழி வேறு. சிலோன் அப்சர்வர், டைம்ஸ் ஆஃப் சிலோன் தொகுதிகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போவதுதான் நல்லது. வீரகேசரி 1930-இலும் தினகரன் 1932-இலும் தொடங்கியவை. ஈழத்துத் தமிழ் இதழ்களுக்கு "நூலகம்" என்ற பெயருள்ள இணையதளத்தைப் பாருங்கள். அங்கே நம் கரை முஸ்லிம்களைக் "கோஸ்ட் மூர்" என்று எழுதினார்கள், தேடல் சொல்லில் அதையும் சேருங்கள். கொலைக்கான தண்டனைப் பிரிவு அங்கே 296, 302 அல்ல. ரங்கூன் பர்மா என்றால் இந்தியத் தண்டனைச் சட்டமே நடைமுறையில் இருந்தது, பிரிவு எண் 302-தான். ரங்கூன் கெஜட்டுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும். எழுதும்போது "எங்கள் பூட்டனார் கொலை" என்று கேட்காதீர்கள். எந்த ஆண்டு, எந்த இரண்டு வாரம், எந்தத் தெரு என்று கேளுங்கள்.