பெயின்டர் ஒரு வீட்டையே கவிழ்ப்பது எப்படி: பொங்கல் விழா சிரிப்பு நாடகத்துக்கு

முதலில் சுத்தியல். பழைய ஸ்பாஞ்சை வெட்டி ஜிகினாத் தாள் சுற்றினால் போதும். அடி விழும்போது திரைக்குப் பின்னால் ஒருவர் எவர்சில்வர் தாம்பாளத்தில் கரண்டியால் தட்ட வேண்டும். அரை நொடி பிந்தினாலும் சிரிப்பு போச்சு. பெயின்டுக்கு மைதாக் கூழ். மஞ்சள்தூள் மட்டும் கலக்காதீர்கள், என் வேட்டி இன்னும் வெளுக்கவில்லை.

ஏணியைத் தோளில் வைத்துத் திரும்பும் பெயின்டர் தாத்தாவை இடிக்கட்டும். மறுபடியும் இடிக்கட்டும். மூன்றாம் தடவை தாத்தா உஷாராகக் குனிய, பின்னால் காப்பியோடு வரும் மாமிக்கு விழணும். கைதட்டல் அங்கேதான். ஏணி தெர்மாகோல், டம்ளர் காலி.

பெயின்டர் சிரிக்கவே கூடாது. ஒவ்வொரு நாசத்துக்கும் பிறகு, “அஞ்சே நிமிஷம் சார்” என்று அதே பவ்யத்தோடு சொல்லணும். போன வருஷம் என் மச்சான் சிரித்துவிட்டான். இந்த வருஷம் அவனுக்குத் தாம்பாளம்தான்.