சாமுவேல் நோவா கிரேமரின் சுமேரிய ஆய்வுகளை வாசிக்கும் முறை

சாமுவேல் நோவா கிரேமரை (1897–1990) வாசிக்கத் தொடங்குபவர், கையில் எடுத்த நூலோ கட்டுரையோ எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், உடைந்த களிமண் பலகைகளைப் பொருத்தி, இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் பண்டு வழங்கிய சுமேரிய மொழியின் இலக்கியத்தை மீட்டெடுத்தவர்களுள் முதன்மையானவர். புதிய துண்டு ஒன்று கிடைத்தபோதெல்லாம் தம் பழைய கருத்தைத் திருத்திக்கொள்ள அவர் தயங்கியதில்லை. அதனால் அவருடைய ஒரு நூலை மட்டும் படித்து, அதையே அவருடைய முடிவான கருத்தென்று எழுதிவிடுவது பிழையாகும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று, இனன்னா என்னும் சுமேரியப் பெண்தெய்வம் இறந்தோர் வாழும் கீழுலகம் சென்ற கதை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 1889 முதல் 1900 வரை பண்டைச் சுமேரிய நகரான நிப்பூரில் நடத்திய அகழாய்வுகளில் கிடைத்த பலகைகள் பிலடெல்பியாவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் பிரிந்து சென்றதால், இக்கதையைத் தாங்கிய துண்டுகளும் இரு நகரங்களிலும் சிதறிக் கிடந்தன. தன் காதலன் துமுசியை மீட்கவே இனன்னா கீழுலகம் போனாள் என்றுதான், அக்காடிய மொழியிலுள்ள அக்கதையின் பிற்கால வடிவத்தை மனத்தில் கொண்ட அறிஞர்கள் முதலில் கருதினர். கிரேமர் 1937இல் ஒரு பதிப்பும், யேல் பல்கலைக்கழகப் பலகை ஒன்றின் துணையோடு 1951இல் திருத்திய பதிப்பும் வெளியிட்டார். துமுசியைத் தனக்கு ஈடாகப் பேய்களிடம் ஒப்படைத்தவளே இனன்னாதான் என்பது அப்போது உறுதியானது. அங்கும் கதை முடியவில்லை. ஆண்டின் பாதியைத் துமுசியும் மறுபாதியைச் சகோதரி கெஷ்டினன்னாவும் கீழுலகில் கழிப்பர் என்ற வரி பின்னர் அடையாளம் காணப்பட்டதும், துமுசி திரும்புவதே இல்லை என்ற தம் முந்தைய கருத்தைக் கைவிட்டு, 1966இல் ஒரு திருத்தக் கட்டுரையே எழுதினார். ஆகவே 1944இல் வந்த அவருடைய சுமேரியத் தொன்மவியல் நூலில் துமுசியைப் பற்றி வாசிப்பவர், 1966ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அருகில் வைத்துக்கொள்வது இன்றியமையாதது.

அடுத்துக் கவனிக்க வேண்டியவை அவருடைய குறியீடுகள். பகர அடைப்புக்குள் வரும் சொற்கள் பலகையில் உடைந்துபோனவை; வேறு படிகளைக் கொண்டோ ஊகத்தாலோ நிரப்பப்பட்டவை. கேள்விக்குறி, பொருளில் ஐயம் உண்டு என்பதைக் காட்டுகிறது. பொது வாசகருக்காக அவர் எழுதிய நூல்களில் இவை குறைவாகவே தென்படும். நடையும் சரளமாக இருப்பதால் முழுமையான கதை ஒன்று கையில் இருப்பதாகவே தோன்றும். சுமேரில் உலகிலேயே முதன்முதலாகத் தோன்றியவை என 1956இல் 25 ‘முதன்மைகளை’ எடுத்துரைத்து 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் 39ஆக விரிந்த அவருடைய புகழ்பெற்ற நூலை வாசித்து மகிழலாம். ஆனால் மேற்கோள் காட்டுவதற்குமுன் அவருடைய ஆய்விதழ்க் கட்டுரையில் அதே பகுதியைத் தேடிப் பார்ப்பதே முறை. ‘உலகின் முதல்’ என்ற அடைமொழி, அதுவரை கிடைத்தவற்றுள் முதலாவது என்ற அளவிலேயே நிற்கும்.

பலகையின் காலத்தையும் கதையின் காலத்தையும் ஒன்றாகக் கருதலாகாது. கிரேமர் பயன்படுத்திய நிப்பூர் இலக்கியப் பலகைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ கி.மு. 1750ஐ ஒட்டி, சுமேரியம் பேச்சுமொழியாக இல்லாதுபோன காலத்தில், எழுத்தர் பள்ளி மாணவர்கள் படியெடுத்தவை. அவற்றைக் கொண்டு கி.மு. 2600ஆம் ஆண்டுச் சமூகத்தை விளக்க முற்படும் பத்திகளைச் சற்று நிதானமாகவே வாசிக்க வேண்டும்.

மூலத்தோடு ஒப்பிட விரும்புவோர்க்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சுமேரிய இலக்கிய மின்தொகுப்பு உதவும். அதில் இனன்னா கதையின் எண் 1.4.1. ஒலிபெயர்ப்பில் அசைகளுக்குக் கீழே வரும் சிறு எண்கள், ஒரே ஒலியைத் தரும் வெவ்வேறு ஆப்பெழுத்துகளை (களிமண்ணில் ஆப்பு வடிவில் பதித்த எழுத்துகளை) பிரித்துக் காட்டுபவை. இந்த எண்களை நீக்கிவிட்டுச் சுமேரியச் சொற்களைத் தமிழோடு ஒப்பிடும் பட்டியல்கள் நம்மிடையே உலவுகின்றன; எந்த எழுத்தைக் குறிக்கின்றன என்றே தெரியாத அவற்றைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. சுமேரியம் உறவற்ற தனிமொழி என்பதே அத்துறையினரின் பொதுவான நிலைப்பாடு.

இறுதியாக, கிரேமரின் தனிக்கருத்தையும் துறையின் பொதுக்கருத்தையும் பிரித்தறிய வேண்டும். சுமேரியப் பாடல்களில் வரும் தில்முன் என்னும் புனித நாடு சிந்துவெளியாக இருக்கலாம் என்று அவர் 1963இல் வாதிட்டார். நம் வாசகரை எளிதில் ஈர்க்கும் இக்கருத்தை ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை; பக்ரைன் பகுதியையே தில்முனாகக் கொள்கின்றனர். தில்முனின் தெய்வமான இன்சாக்கின் பெயர் பொறித்த கல், 19ஆம் நூற்றாண்டிலேயே பக்ரைனில் கிடைத்தது. அக்காத் மன்னன் சார்கோனின் கல்வெட்டு மெலுகா, மாகன், தில்முன் ஆகிய நாடுகளின் கப்பல்களைத் தனித்தனியே குறிக்கிறது. அவற்றுள் மெலுகாவையே சிந்துவெளிப் பகுதியாகக் கொள்கின்றனர். தில்முன் சிந்துவெளியே என்ற கருத்தை எடுத்தாள்வோர் கிரேமரின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு, பக்ரைனைச் சுட்டும் சான்றுகளையும் உடன் தர வேண்டும்.