ஆஸ்திரேலியாவில் முதல் வரிக் கணக்கு: மதுரையிலிருந்து கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் எனக்கு இரண்டு வேலை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்ப்பது ஒன்று. ஆஸ்திரேலியாவுக்கு விசா வந்த பிள்ளைகளின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது இன்னொன்று. இந்த முறை அண்ணா நகர் வீட்டுக்கு வந்தது பெரியம்மா மகன். ஐ.டி. வேலை, 482 என்ற தற்காலிக வேலை விசா, ஜூலையில் மெல்போர்ன் பயணம். காபி ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்: "ஏண்ணே, அங்க 80சி லிமிட் எவ்வளவு?"

அப்படி ஒன்று அங்கே கிடையாது என்றேன். நம்பாமல் பார்த்தான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. ஜனவரி பிறந்தால் அலுவலகத்தில் 'புரூஃப்' கேட்பார்கள். எல்.ஐ.சி. ரசீது, பி.பி.எஃப். பாஸ்புக், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அப்பாவிடமே கையெழுத்து வாங்கிய வாடகை ரசீது என்று ஒரு கட்டு போய்ச் சேரும். சேமித்தால், காப்பீடு எடுத்தால், வீடு வாங்கினால் வரியில் கழிவு. நமக்குப் பழகிய கணக்கு இதுதான். ஆஸ்திரேலியாவில் நீங்கள் எப்படிச் சேமிக்கிறீர்கள், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே ஒரே கேள்வி: இந்தச் சம்பளத்தைச் சம்பாதிக்க உங்கள் கைக்காசை எதற்குச் செலவழித்தீர்கள்? அந்தச் செலவு வேலையோடு நேரடியாகச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், கம்பெனி அதைத் திருப்பித் தந்திருக்கக் கூடாது, உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும்.

அதனால் மதுரையில் கழிவாக இருந்த பலதும் அங்கே ஒன்றுமில்லாமல் போகும். வீட்டு வாடகை கழிவல்ல. குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டி கழிவல்ல. ஆயுள் காப்பீடு, குழந்தைக் காப்பகக் கட்டணம், அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் எதுவும் கழிவல்ல. விசாக் கட்டணம், ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், போன விமான டிக்கெட் ஆகியவை வேலையில் சேர்வதற்கான செலவு, வேலை பார்ப்பதற்கான செலவு அல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள். நன்கொடையும் டி.ஜி.ஆர்., அதாவது வரிக் கழிவுக்குத் தகுதியானது என்று அங்கே பதிவான அமைப்புக்குக் கொடுத்தால்தான். அழகர் கோவில் உண்டியலில் போட்டது புண்ணியக் கணக்கோடு சரி.

கணக்கில் வருபவை சாதாரணமானவை. வீட்டிலிருந்து வேலை பார்த்தால் மணிக்கு 70 சென்ட், இது 2024-25 முதல். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 8 மணி நேரம், 46 வாரம் என்றால் 736 மணி, 515 டாலர். ஆனால் அந்த மணிகளை ஆண்டு முழுக்கக் குறித்து வைத்திருக்க வேண்டும். ஜூன் மாதம் உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்டால் செல்லாது. கம்பெனி பெயர் பொறித்த சீருடையோ பாதுகாப்பு உடையோ என்றால் துவைக்கும் செலவு உண்டு. சாதாரணச் சட்டை பேன்ட்டுக்கு இல்லை. செய்கிற வேலைக்கு நேரடியாக உதவும் படிப்பு, 300 டாலர் வரையிலான கருவிகள், தொழிற்சங்கச் சந்தா, இவையெல்லாம் சேரும். காரில் வேலைக்காக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால் கிலோமீட்டருக்கு 88 சென்ட், அதிகபட்சம் 5,000 கிலோமீட்டர். வீட்டிலிருந்து அலுவலகம் போய் வருவது இதில் சேராது.

வேலைச் செலவுகள் மொத்தமே 300 டாலருக்குள் என்றால் ரசீது வேண்டாம் என்று ஒரு விதி இருக்கிறது. புதிதாக வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள், அதுவும் தப்பாக. ரசீது வேண்டாம் என்பதுதான் விதி, செலவே வேண்டாம் என்பதல்ல. என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

515 டாலர் கழிவு என்றதும் 515 டாலர் கையில் வரும் என்று தம்பி நினைத்தான். கழிவு என்பது வரி போடும் வருமானத்தைக் குறைப்பது. உங்கள் வருமானம் 45,000 முதல் 1,35,000 டாலருக்குள் இருந்தால் 45,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு 30 சதவீத வரி. அப்படியானால் கையில் மிஞ்சுவது சுமார் 155 டாலர். வரியில் மிச்சமாகும் என்று 1,000 டாலர் நாற்காலி வாங்குவது நஷ்டக் கணக்கு.

டிராமில் போன காரின் கதை

நான் போன முதல் வருடம் ஊர்க்காரர் ஒருவர் ஒரு டாக்ஸ் ஏஜென்டைக் கைகாட்டினார். "அவர்ட்ட போங்க, ரீஃபண்ட் அள்ளித் தருவாரு." பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 2,300 டாலர் திரும்ப வந்தது. பெரிய ஆள்தான் என்று நானும் நான்கு பேருக்குக் கைகாட்டினேன்.

ஒன்றரை வருடம் கழித்து வரித்துறையிலிருந்து கடிதம். சீருடை துவைத்த செலவுக்கும், காரில் 4,900 கிலோமீட்டர் ஓட்டியதற்கும் விவரம் தரவும் என்று. அந்த வருடம் என்னிடம் காரே கிடையாது. டிராமில் போனேன். சீருடையும் இல்லை. பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்டினேன். ஏஜென்டுக்குப் போன் போட்டால், "நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க" என்றார். அவர் செய்தது தப்பு, ஆனால் அந்த வாக்கியம் சரி. யார் எழுதினாலும் ரிட்டர்னுக்குப் பொறுப்பு உங்கள் பெயர்தான்.

ஏஜென்டே சொல்ல மறக்கும் சங்கதி

கழிவுகளை விடப் பெரிய தொகை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வருமான வரியோடு மெடிகேர் லெவி என்று 2 சதவீதம் பிடிப்பார்கள், அரசு மருத்துவத்துக்காக. 482 போன்ற தற்காலிக விசாவில் போகும் இந்தியர்களுக்குப் பொதுவாக மெடிகேர் கிடையாது. கிடைக்காத வசதிக்கு லெவி கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் தானாக விலக்கு வராது. மெடிகேர் உரிமை இல்லை என்பதற்கான சான்றை சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசுத் துறையில் விண்ணப்பித்து வாங்கி, பிறகு ரிட்டர்னில் விலக்குக் கோர வேண்டும். 90,000 டாலர் சம்பளத்துக்கு 1,800 டாலர். பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, விண்ணப்பித்து மெடிகேர் அட்டை வாங்கிவிட்டால் அதிலிருந்து லெவி உண்டு.

நடுவருடம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 18,200 டாலர் வரை வரியில்லை என்பது முழு ஆண்டுக்கு. ஜனவரியில் போய் இறங்கினால் உங்களுக்கு அது 15,832 டாலர்தான். இரண்டு இடத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்கள் இந்த வரியில்லாத் தொகையை ஒரு முதலாளியிடம் மட்டும் காட்டுங்கள். இரண்டு இடத்திலும் காட்டினால் வருடக் கடைசியில் பாக்கி கட்டச் சொல்லிக் கடிதம் வரும். போனதும் டி.எஃப்.என். என்ற வரி எண்ணை வாங்கிவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

ஆடிட்டர் வைக்கணுமா?

மதுரையில் ஆடிட்டர் என்றால் கடைக்காரர்களுக்கு. கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கு முப்பது வருடமாக ஒரே ஆடிட்டர். சம்பளக்காரர்கள் ஃபார்ம் 16-ஐ வாங்கிக்கொண்டு யாரிடமாவது கொடுத்து முடித்துவிடுவோம். மெல்போர்னிலும் இந்த வித்தியாசத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஒரே முதலாளி, ஒரு வங்கிக் கணக்கு, தற்காலிக விசா என்றால் ஆள் வேண்டாம். மைகவ் என்ற அரசு இணையதளம் வழியாக, வரித்துறையின் மைடாக்ஸில் நீங்களே போடலாம், இலவசம். ஜூன் 30-உடன் வரி ஆண்டு முடியும். ஜூலை முதல் தேதியே அவசரப்பட்டு உட்காராதீர்கள். ஜூலைக் கடைசிக்குள் சம்பளம், வட்டி எல்லாம் தானாக வந்து நிரம்பிவிடும். கெடு அக்டோபர் 31. வருமானம் குறைவென்றால் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை தன்னார்வலர்கள் இலவசமாக உதவும் டாக்ஸ் ஹெல்ப் திட்டமும் இருக்கிறது.

ஊபரில் ஆள் ஏற்றி ஓட்டப் போகிறீர்களா? அப்படியானால் முதல் பயணத்திலிருந்தே ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அக்கவுன்டன்ட் வைத்துக்கொள்ளுங்கள். பங்கு விற்றவர்களும், அங்கே வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்களும் அப்படியே. அவருடைய கட்டணம் அதைக் கட்டிய ஆண்டின் ரிட்டர்னில் கழிவாக வரும்.

ஆள் பிடிக்கும்போது டாக்ஸ் ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் டாக்ஸ் பிராக்டிஷனர்ஸ் போர்டின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். மைகவ் பாஸ்வேர்டைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அக்டோபர் 31-க்குள் அவருடைய வாடிக்கையாளர் பட்டியலில் சேர்ந்தால் பெரும்பாலும் அடுத்த மே 15 வரை அவகாசம் கிடைக்கும்.

பி.ஆர். வந்த நாள்

மதுரையில் சொத்து இருப்பவர்கள் இதை மெதுவாகப் படியுங்கள். தற்காலிக விசாவில் இருக்கும் வரை அண்ணா நகர் வீட்டு வாடகை, இந்திய டெபாசிட் வட்டி இவற்றை ஆஸ்திரேலியாவில் பொதுவாகக் காட்ட வேண்டியதில்லை. (கணவனோ மனைவியோ அங்கே பி.ஆர். அல்லது குடியுரிமை வைத்திருந்தால் இந்தச் சலுகை பொருந்தாது.) பி.ஆர். கிடைத்த நாளிலிருந்து உலகில் எங்கே சம்பாதித்தாலும் காட்ட வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் போடும் என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை. அதனால் அங்கேயும் இல்லை என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். பி.ஆர். வந்தபின் அது அங்கே வரிக்குரிய வருமானம். இரு நாட்டு வரித்துறைகளும் வங்கிக் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் பரிமாறிக்கொள்கின்றன. நான் புதிய அக்கவுன்டன்டிடம் முதலில் கேட்பதே இந்த வட்டியைப் பற்றித்தான். "இந்தியாவில் இல்லையென்றால் இங்கும் இல்லை" என்று சொன்னால் வேறு ஆள் பார்ப்பேன்.

வாடகையைக் காட்டினால் அதன் செலவுகளும் கழிவாக வரும். மதுரை மாநகராட்சி வீட்டு வரி, ரிப்பேர், அந்த வீட்டுக் கடனின் வட்டி எல்லாம் சேரும். அம்மா அப்பா வாடகையில்லாமல் குடியிருந்தால் வருமானமும் இல்லை, கழிவும் இல்லை. வீட்டைப் பார்க்க வந்தேன் என்று விமான டிக்கெட்டைக் கழிப்பது 2017 ஜூலை 1-உடன் முடிந்துபோனது. என்னுடைய சித்திரைப் பயணம் முழுக்க என் செலவு. இந்தியாவில் கட்டிய வரியை அங்கே கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம், கட்டியதற்கான ஆதாரம் இருந்தால். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பவர் 31.2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்று இங்கே சட்டம். பத்தாயிரம் வாடகை தரும் குடித்தனக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வீட்டைக் காலி செய்துவிடுவார். மதுரை ஆடிட்டரிடம் சொல்லி இங்கே ஒழுங்காக ரிட்டர்ன் போட்டு, அந்த நகலை அங்கே அனுப்புங்கள்.

ஒத்திக்கு விட்டவர்களுக்கு வாடகை வராது. வாங்கிய தொகையை டெபாசிட்டில் போட்டால் அதன் வட்டி வருமானம். ஒத்தி என்றால் என்ன என்று அங்கே இருப்பவருக்கு விளக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் விளக்கி முடித்ததும் என் அக்கவுன்டன்ட், "அப்படியானால் அவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்?" என்று மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

இங்கே ஏப்ரல் முதல் மார்ச், அங்கே ஜூலை முதல் ஜூன். அதனால் வங்கியில் வட்டிச் சான்று வாங்கும்போது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் தம்பி நோட்டுப் புத்தகம் எடுத்தான். தற்காலிக விசாவிலிருந்து பி.ஆர். ஆகும் நாளில் உங்கள் மதுரைச் சொத்தை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாக ஆஸ்திரேலிய வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பின்னால் விற்றால் அந்த விலைக்கு மேல் வந்த லாபத்துக்குத்தான் அங்கே வரி. ஆகவே பி.ஆர். வந்த மாதமே, அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து எழுத்தில் மதிப்பு வாங்கிவிடுங்கள். பத்திர ஆபீஸ் கைடுலைன் வேல்யூ போதாது, அது சந்தை விலையை விடக் குறைவாக இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள வீட்ட விக்கிறதப் பத்திப் பேசுறீங்களா?" என்றார். விற்க இல்லை பெரியம்மா, எழுதி வைக்க.